மயக்கத்திலும் உறங்காத ஹைப்போதாலமஸ்: காயத்துக்குப் பின் சர்க்கரை ஏன் ஏறுகிறது?

தென்பொருநை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்கு வயது 64, நீரிழிவு இருந்ததில்லை. அண்மையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்ததால் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் சேர்த்த அன்று எடுத்த எச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 5.5 சதவீதம்தான் இருந்தது. ஆனால் அன்றே இரத்தச் சர்க்கரை 198 காட்டியது. அறுவை முடிந்த மறுநாள் காலையில் 231. பார்க்க வந்த உறவினர் எல்லாரும் "பயந்துவிட்டார், அதனால்தான் ஏறிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போக, அவரும் தம் மனத்திடம் போதவில்லை என்று எண்ணி வருந்துகிறார். கவலைப்பட்டால் சர்க்கரை ஏறும் என்று நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அறுவையின்போது அவர் முழு மயக்கத்தில் அல்லவா இருந்தார்? இதில் மூளைக்கு என்ன பங்கு, இப்படி ஏறிய சர்க்கரைக்கு மருந்து தேவையா என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் அவரிடம் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

வைகறை எழுதியது:

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தந்தையாரிடம் முதலில் சொல்ல வேண்டியது, இதற்கும் அவருடைய மனத்திடத்துக்கும் தொடர்பில்லை என்பதுதான். எலும்பு முறிவு, குருதி இழப்பு, தீக்காயம், கடுந்தொற்று ஆகிய எந்த நெருக்கடியானாலும் அதை உணர்ந்து கல்லீரலுக்கும் கணையத்துக்கும் சுரப்பிகளுக்கும் ஆணை அனுப்புவது மூளையின் அடிப்பகுதி, குறிப்பாக அங்குள்ள ஹைப்போதாலமஸ் என்னும் சிறு பகுதி. அந்த வேலைக்கு நம்முடைய விழிப்போ சிந்தனையோ தேவையில்லை.

இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. 1959-இல் எக்டால் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், நாயின் பின்னங்கால் ஒன்றை உடலோடு ஒரு தமனி, ஒரு சிரை, நரம்பு ஆகியவற்றால் மட்டும் இணைந்திருக்கும்படி பிரித்தெடுத்து, அந்தக் காலைக் காயப்படுத்தினார். சில நிமிடங்களிலேயே சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலிருந்து வெளிவரும் ஸ்டீராய்டின் அளவு உயர்ந்தது. நரம்பை வெட்டியதும் உயர்வு நின்றுவிட்டது. குருதி ஓட்டம் முன்போலவே இருந்தது, காயமும் அப்படியே இருந்தது. மூளைக்குச் செல்லும் செய்தி மட்டும் நின்றது. அத்தகைய சோதனையை இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது என்றே நான் கருதுகிறேன். எனினும் அதன் முடிவைத் தவிர்த்துவிட்டு இந்தப் பாடத்தை நடத்த முடியாது.

இதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே, 1849-இல், பிரான்சில் கிளாட் பெர்னார் முயலின் நான்காம் மூளையறையின் தரைப்பகுதியில் ஊசியால் குத்தியபோது அதன் சிறுநீரில் சர்க்கரை வெளிப்பட்டதைக் கண்டார். கணையத்தை அவர் தொடவே இல்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

காயத்தின் செய்தி செல்லும் வழியையும் சொல்லிவிடுகிறேன். வலி நரம்பிழைகள் தண்டுவடத்தின் வழியாக மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்துக்கும், அங்கிருந்து ஹைப்போதாலமஸின் பாராவென்ட்ரிகுலர் நியூக்ளியஸ் என்னும் சிறு நரம்புத் தொகுதிக்கும் செய்தியைக் கொண்டு சேர்க்கின்றன. அங்கிருந்து இரண்டு வழிகளில் ஆணை பிறக்கிறது. விரைவான வழி, நம் விருப்பத்தைக் கேளாமல் இயங்கும் பரிவு நரம்புகளுடையது: அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி அட்ரினலினை வெளியிடுகிறது, கல்லீரல் தன்னிடமுள்ள கிளைகோஜன் என்னும் சேமிப்பு மாவுச்சத்தை உடைத்துக் குளுக்கோஸாக்குகிறது, கணையத்தில் இன்சுலின் சுரப்பு அடக்கப்பட்டு, சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககானின் சுரப்பு தூண்டப்படுகிறது. சர்க்கரை ஏறும் வேளையிலேயே இன்சுலின் போதிய அளவு சுரக்காமல் இருப்பது கணையத்தின் பழுதால் அன்று. நரம்பின் கட்டளை அப்படி இருக்கிறது. மெதுவான வழியில் ஹைப்போதாலமஸிலிருந்து சிஆர்எச் என்ற ஹார்மோன் அதன் கீழுள்ள பிட்யூட்டரிச் சுரப்பிக்கும், பிட்யூட்டரியிலிருந்து ஏசிடிஎச் என்ற ஹார்மோன் அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதிக்கும் சென்று, கார்டிசால் என்ற ஸ்டீராய்டு வெளிவருகிறது. பெரிய அறுவை தொடங்கிய நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் கார்டிசாலின் அளவு லிட்டருக்கு 400 நானோமோல் அளவிலிருந்து 1500-க்கும் மேல் செல்லக்கூடும். இயல்பான நாளில் கார்டிசால் கூடினால் ஹைப்போதாலமஸும் பிட்யூட்டரியும் அதை உணர்ந்து சுரப்பைக் குறைத்துவிடும். அறுவைக்குப் பின் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, கார்டிசாலும் ஏசிடிஎச்சும் ஒருசேர உயர்ந்தே நிற்கின்றன.

முல்லைக்கொடி எழுதியது:

வைகறை ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நான் எலும்பு முறிவுப் பிரிவில் செவிலியாகப் பணியாற்றுகிறேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்து அறுவை செய்யப்பட்டவர்களுக்கு, முழு மயக்கம் கொடுக்கப்பட்டவர்களைவிட அன்று மாலை சர்க்கரை குறைவாக இருப்பதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். இதுவும் நீங்கள் சொன்ன நரம்பு வழியோடு தொடர்புடையதா?

அன்பரசி எழுதியது:

சகோதரி முல்லைக்கொடி கவனித்தது மிகச் சரியானது. மயக்கவியல் மருத்துவர்களாகிய நாங்கள் ஒவ்வொரு நாளும் கண்ணெதிரே காண்பது இதுவே. முழு மயக்கத்தில் மூளையின் புறணி உறங்குகிறது. ஆனால் ஹைப்போதாலமஸ் உறங்குவதில்லை. கத்தி பட்ட இடத்திலிருந்து செய்தி தண்டுவடம் வழியே வந்துகொண்டேதான் இருக்கிறது. நோயாளிக்கு எந்த நினைவும் இல்லாதபோதும் கார்டிசால் ஏறுகிறது. தண்டுவட நரம்புகளையே மரக்கச் செய்துவிட்டால் செய்தி மேலே செல்வதில்லை.

டென்மார்க்கில் கெலெட் முதலானோர் 1970-களில் இதை முறையாக ஆய்ந்தார்கள். கருப்பை நீக்க அறுவையில், நெஞ்சின் நான்காம் நரம்புக்கூறு தொடங்கித் திருவெலும்பின் ஐந்தாம் கூறு வரை தண்டுவட உறைக்கு வெளியே செலுத்தும் எபிடியூரல் மரப்பு மருந்தால் அறுவைக்கு முன்பே தடுத்துவிட்டபோது கார்டிசாலும் குளுக்கோஸும் ஏறவில்லை. அறுவை நடக்கும் இடம் அடிவயிறுதான் என்றாலும் அதற்கு இவ்வளவு விரிவான தடுப்பு தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அட்ரினலுக்கும் கல்லீரலுக்கும் ஆணை கொண்டு செல்லும் பரிவு நரம்புகள் நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்திலிருந்துதான் புறப்படுகின்றன. எனவே செய்தி செல்லும் வழியும் ஆணை திரும்பும் வழியும் ஒருசேர அடைபடுகின்றன.

மேல்வயிற்று அறுவையில் இந்த வெற்றி முழுமையாகக் கிடைப்பதில்லை. அங்கிருந்து, மூளையிலிருந்து நேரே வயிறு வரை வரும் வேகஸ் நரம்பும் உதரவிதான நரம்பும் தண்டுவடத்தின் அந்தக் கூறுகளைத் தொடாமலே செய்தியைக் கொண்டு சென்றுவிடுகின்றன. இதய அறுவைகளில் ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தை மிக அதிக அளவில் கொடுத்து ஹைப்போதாலமஸையே அடக்கியும் பார்த்திருக்கிறார்கள். இதய-நுரையீரல் எந்திரத்தோடு இணைக்கும் கட்டம் வரைதான் அது தாக்குப்பிடிக்கிறது.

பொதிகைச்சாரல் எழுதியது:

அப்படியானால் எல்லா அறுவைகளிலும் இந்த எதிர்வினையை முழுதாக அடக்கிவிடுவதுதான் நோயாளிக்கு நல்லதா? மருத்துவர் அம்மாவின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்பரசி எழுதியது:

இல்லை. இந்தக் கேள்விக்குக் கசப்பான விடை ஒன்றை எங்கள் துறை ஏற்கெனவே பெற்றிருக்கிறது. எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகளை அமைதிப்படுத்தத் தொடர் சொட்டாகக் கொடுத்து வந்தபோது, இறப்புகள் கூடியதை 1983-இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அட்ரினல் சுரப்பியில் கார்டிசால் உருவாவதற்குத் தேவையான நொதி ஒன்றை அந்த மருந்து தடுத்துவிடுகிறது என்பது அதன்பின் தெளிவாயிற்று. கடுங்காயம் பட்ட ஒருவருக்குக் கார்டிசால் இல்லாமற்போனால் குருதி நாளங்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் நிற்பதே இல்லை. திட்டமிட்ட அறுவையில் ஓரிரு நாள் இந்த எதிர்வினையை மட்டுப்படுத்துவது வேறு. உயிருக்குப் போராடும் ஒருவரிடம் அதைப் பறித்துவிடுவது வேறு. இந்த வேறுபாட்டை இளம் மருத்துவர்களிடம் நான் அழுத்திச் சொல்வதுண்டு.

இளங்குமணன் எழுதியது:

நண்பர்களின் விளக்கங்கள் சிறப்பாக உள்ளன. ஆயினும் மூளைக்கு அளவுக்கு மீறிய பங்கு தரப்படுவதாக எனக்குத் தோன்றுகிறது. உயிர்வேதியியல் ஆய்வகத்தில் பணிபுரிபவன் நான். எக்டாலின் சோதனை முதல் சில மணி நேரத்தை மட்டுமே விளக்குகிறது. நோயாளிக்கு மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் சர்க்கரை கட்டுக்குள் வராமல் இருப்பதற்கு நரம்புச் செய்தி மட்டும் காரணமாக இருக்க முடியாது. காயம்பட்ட திசுவிலிருந்து இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் போன்ற சைட்டோகைன்கள் (அழற்சியை அறிவிக்கும் புரதங்கள்) குருதியில் கலக்கின்றன. அவை தசையிலும் கொழுப்பிலும் இன்சுலினின் வேலையை நேரடியாகவே கெடுக்கின்றன. சுவீடனில் திறந்த முறையில் பித்தப்பை நீக்கம் செய்தவர்களை ஆய்ந்தபோது, மறுநாள் இன்சுலினின் செயல்திறன் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அது சீரடைய ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆயின. அவ்வளவு நாளும் கார்டிசால் உயர்ந்தே இருப்பதில்லை. ஆகவே மூளை தொடங்கி வைக்கிறது, திசுக்கள் தொடர்ந்து நடத்துகின்றன என்பதே என் நிலைப்பாடு.

வைகறை எழுதியது:

இளங்குமணன் அவர்களின் மறுப்பில் பாதியை ஏற்கிறேன். தசையில் சைட்டோகைன்கள் நேரடியாகச் செயல்படுகின்றன என்பது உண்மையே. ஆனால் அதே சைட்டோகைன்கள் மூளையையும் விட்டுவைப்பதில்லை. இன்டர்லூகின்-1 ஹைப்போதாலமஸிலிருந்து சிஆர்எச்சை வெளியிடச் செய்கிறது என்று 1987-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே காட்டின. மூளைக்குள் அவ்வளவு எளிதாக எதுவும் நுழைந்துவிட முடியாது. எனினும் மூளையறைகளை ஒட்டிய சில இடங்களில் குருதிக்கும் மூளைக்கும் இடைப்பட்ட தடுப்பு நெகிழ்வாக உள்ளது. மூளையின் குருதி நாளச் சுவரிலுள்ள செல்களும் சைட்டோகைன்களை உணர்ந்து புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருளை உட்புறமாக வெளியிடுகின்றன. காய்ச்சல் பிறப்பதும் அந்த வழியில்தான். இவை போதாவென்று வயிற்றுப் பகுதியின் அழற்சியை வேகஸ் நரம்பு மேலே அறிவிக்கிறது. ஆகையால் மூன்றாம் நாளிலும் மூளைக்குச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது; வலி நரம்போடு குருதியும் சேர்ந்து அதைக் கொண்டுவருகிறது. மூன்றாம் வாரத்தில் திசுக்களின் பங்கே மிகுதி என்று நீங்கள் சொன்னால் அதை மறுக்க மாட்டேன்.

தென்பொருநை எழுதியது:

ஐயா, ஓர் அடிப்படை ஐயம். காயம்பட்ட உடல் எதற்காக இவ்வளவு சர்க்கரையைக் குருதியில் இறக்க வேண்டும்? படுத்திருப்பவர் ஓடவோ உழைக்கவோ போவதில்லையே.

வைகறை எழுதியது:

அவர் படுத்திருக்கிறார், ஆனால் அவருடைய காயம் உழைத்துக்கொண்டிருக்கிறது. புண்ணில் குவியும் வெள்ளணுக்களும் புதிதாக வளரும் திசுவும் ஆக்சிஜன் குறைந்த சூழலில் குளுக்கோஸையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அவற்றுள் குளுக்கோஸ் நுழைவதற்கு இன்சுலின் தேவையில்லை, மூளைக்கும் அப்படியே. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. இன்சுலினைக் கேட்டு நடக்கும் தசையையும் கொழுப்பையும் ஒதுக்கிவிட்டு, இன்சுலினைக் கேளாத மூளைக்கும் காயத்துக்கும் குளுக்கோஸைத் திருப்பிவிடும் ஏற்பாடு என்று இதைப் பார்த்தால் அதன் பொருத்தம் விளங்கும்.

இதற்கு உடல் தரும் விலை பெரிது. கல்லீரலில் இருப்பிலுள்ள கிளைகோஜன் ஏறத்தாழ 100 கிராம்தான். அது ஒரு நாளுக்குள் தீர்ந்துவிடும். அதன்பின் தசையின் புரதத்தை உடைத்து, அமினோ அமிலங்களிலிருந்து கல்லீரல் குளுக்கோஸை உருவாக்குகிறது. கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் 1930-களில் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் மிகுதியாக வெளியேறுவதை அளந்து, முறிந்த இடத்துத் திசு மட்டும் கரைந்தால் அவ்வளவு இழப்பு நேராது, உடல் முழுவதிலும் உள்ள தசையே கரைகிறது என்று காட்டினார். ஒரு கிராம் நைட்ரஜன் இழப்பு என்றால் ஏறத்தாழ 30 கிராம் தசை போயிற்று என்று பொருள். முதலில் உடல் ஒடுங்கும் கட்டம், பின்னர் வளர்சிதைமாற்றம் பொங்கியெழும் கட்டம் என அவர் 1942-இல் வகுத்ததையே இன்றும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். முதிய வயதில் தொடை எலும்பு முறிந்தவர்கள், எலும்பு கூடிய பின்னும் எழுந்து நடக்கத் தடுமாறுவதற்கு இந்தத் தசை இழப்பும் ஒரு காரணம். எனவே உங்கள் தந்தையாருக்குப் புரதம் நிறைந்த உணவு கிடைக்கிறதா என்று கவனியுங்கள். சர்க்கரை ஏறிவிட்டதென்று அஞ்சி உணவைக் குறைத்துவிட வேண்டாம்.

அன்பரசி எழுதியது:

இதனோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். நள்ளிரவு முதல் வெறும் வயிற்றோடு வைத்திருந்து அறுவைக்கு அழைத்து வரும் பழைய வழக்கம் இன்சுலின் சரிவர வேலை செய்யாத இந்த நிலையை, அதாவது இன்சுலின் எதிர்ப்பை, மேலும் கூட்டுகிறது. தெளிந்த நீர்ம உணவை அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை பெரும்பாலோருக்குக் கொடுக்கலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல்; மாவுச்சத்து கலந்த பானம் கொடுத்தால் இன்சுலின் எதிர்ப்பு குறைவாக இருப்பதும் காட்டப்பட்டுள்ளது. இரைப்பை தாமதமாகக் காலியாகும் நிலையிலுள்ளவர்களுக்கு இது பொருந்தாது என்பதால் மருத்துவரைக் கேட்காமல் யாரும் செய்ய வேண்டாம்.

மருந்து தேவையா என்ற முதற்கேள்விக்கு வருகிறேன். 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் அறுவைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடந்த ஆய்வில், சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் இடையில் இன்சுலினால் இறுக்கிப் பிடித்தபோது இறப்பு 8 சதவீதத்திலிருந்து 4.6 சதவீதமாகக் குறைந்தது. உலகெங்கும் அதைப் பின்பற்றத் தொடங்கினார்கள். 2009-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடந்த நைஸ்-சுகர் ஆய்வின் முடிவு அதற்கு நேர்மாறாக அமைந்தது: இறுக்கிப் பிடித்த பிரிவில் இறப்பு 27.5 சதவீதம், 180-க்கும் கீழே வைத்தால் போதும் என்று நடத்திய பிரிவில் 24.9 சதவீதம். கடுமையான தாழ்சர்க்கரையும் முதற்பிரிவில் 6.8 சதவீதம் பேருக்கு நேர்ந்தது, மற்றதில் 0.5 சதவீதம் பேருக்கே நேர்ந்தது. மூளை ஒரு காரணத்தோடு உயர்த்தி வைத்திருப்பதை நாம் முற்றிலும் இயல்பளவுக்கு இழுத்துவரத் துடிப்பது பிழை என்றே இதிலிருந்து நான் கொள்கிறேன். அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. 180-ஐத் தாண்டி நீடிக்கும் சர்க்கரையால் காயத்தில் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. தீவிர சிகிச்சையில் 180-ஐத் தாண்டினால் இன்சுலின் தொடங்கி, 140-க்கும் 180-க்கும் இடையில் வைத்திருப்பதே இப்போதுள்ள பொது நடைமுறை. உங்கள் தந்தையாருக்கு இருந்த 231-க்கு இன்சுலின் கொடுத்திருந்தால் அது முறையான சிகிச்சையே. அதைக்கொண்டு அவர் நீரிழிவு நோயாளி ஆகிவிட்டார் என்று எண்ண வேண்டியதில்லை. குணமடைந்த பின் மறுபடியும் சோதிக்க வேண்டும். அவருக்குக் குருதி ஏற்றப்பட்டிருந்தால் எச்பிஏ1சி சில வாரங்களுக்கு உண்மை அளவைக் காட்டாது. வெறும் வயிற்றுச் சர்க்கரையைப் பார்ப்பதே நல்லது.

பொதிகைச்சாரல் எழுதியது:

காயமே இல்லாமல் அச்சத்தால் மட்டும் சர்க்கரை ஏறும் என்று சொல்வது அப்படியானால் தவறா? நான் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நீரிழிவோடு வாழ்பவன். மன உளைச்சல் மிகுந்த நாட்களில் உணவு மாறாதபோதும் என் சர்க்கரை ஏறுகிறது.

வைகறை எழுதியது:

தவறில்லை. அச்சமும் அதே ஹைப்போதாலமஸைத்தான் வந்தடைகிறது, வேறு வாயிலின் வழியாக. ஹார்வர்டில் வால்டர் கேனன் 1911-இல், கட்டிவைக்கப்பட்டு அஞ்சிய பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை வெளிப்படுவதையும், அட்ரினல் சுரப்பிகளை நீக்கிய பூனைகளில் அது வெளிப்படாததையும் காட்டினார். மனிதரிடமும் பார்த்தார்கள். 1913-ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதிக் கால்பந்தாட்டம் முடிந்தவுடன் ஹார்வர்டு அணியினர் 25 பேரின் சிறுநீரைச் சோதித்ததில் 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அந்தப் பன்னிருவரில் ஐவர், ஆட்டத்தில் இறங்காமலே வெளியே காத்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள். அவர்கள் ஓடவில்லை, அடிபடவும் இல்லை.

அச்சத்தின் வாயில், மூளையில் அச்ச உணர்வைக் கையாளும் அமிக்டாலா என்னும் பகுதி. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளின் அமிக்டாலாவிலிருந்து ஹைப்போதாலமஸின் ஒரு பகுதிக்குச் செல்லும் நரம்புகளைத் தூண்டியபோது, அட்ரினல், கணைய ஹார்மோன்களை நம்பாமலே கல்லீரல் குளுக்கோஸை வெளியிட்டது. மீண்டும் மீண்டும் நெருக்கடிக்கு உட்படுத்திய எலிகளில் இந்தச் சுற்றின் இயல்பான செயல் குலைந்தது. நீடித்த பணி அழுத்தத்தைப் பற்றி இலண்டன் அரசு ஊழியர்களிடையே நடந்த வைட்ஹால் ஆய்வும் உண்டு: பலமுறை அத்தகைய அழுத்தத்தைத் தெரிவித்தவர்களிடம் இடுப்புக் கொழுப்பு, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரைக் கோளாறு ஆகியவை சேர்ந்த வளர்சிதைமாற்ற நோய்த்தொகுதி இரு மடங்குக்கும் மேல் காணப்பட்டது. உங்களைப் போன்றோருக்கு ஏற்றம் கூடுதலாகத் தெரிவதன் காரணம் எளியது: கல்லீரல் எல்லாருக்கும் வெளியிடுகிறது, நீரிழிவு இல்லாதவரின் கணையம் பின்னர் அதைச் சமன்செய்துவிடுகிறது.

முல்லைக்கொடி எழுதியது:

தீக்காயப் பிரிவிலும் நான் பணியாற்றியிருக்கிறேன். அங்கே வாரக்கணக்கில் நாடித்துடிப்பு இறங்காமல், எவ்வளவு ஊட்டினாலும் நோயாளி மெலிந்துகொண்டே போவதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நீண்ட காலம் செல்லும் ஆணையை நடுவில் நிறுத்த வழி உண்டா?

அன்பரசி எழுதியது:

ஓரளவுக்கு உண்டு. தீக்காயத்தில் வளர்சிதைமாற்றம் இப்படிப் பொங்கியெழுவதை நடத்துவதில் அட்ரினலின் வகைப் பொருள்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்று 1970-களில் வில்மோர் காட்டியிருந்தார். அதை அடிப்படையாகக் கொண்டு டெக்சாஸின் கால்வெஸ்டன் நகரில், உடற்பரப்பில் 40 சதவீதத்துக்கும் மேல் வெந்திருந்த குழந்தைகளிடம், அட்ரினலினின் செயலைத் தடுக்கும் புரோப்ரனலால் என்ற மருந்தைச் சோதித்தார்கள். ஹெர்ன்டன் குழுவினர் 2001-இல் வெளியிட்ட முடிவின்படி, நாடித்துடிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததோடு, ஓய்வுநிலை ஆற்றல் செலவும் குறைந்து, தசைப் புரதத்தின் கரைவு தணிந்தது. மருந்து மூளையைத் தொடவில்லை. மூளையின் ஆணை போய்ச் சேரும் ஏற்பிகளை அடைத்தது.

செவிலியர் கையிலும் இதில் பெரும்பகுதி உள்ளது. தீக்காயம் பட்டவரின் ஹைப்போதாலமஸ், உடல் வெப்பத்தின் இலக்கையே உயர்த்திக்கொள்கிறது. நமக்கு இதமான அறை அவருக்குக் குளிர்கிறது, அந்தக் குளிரைச் சமாளிக்க அவர் உடல் மேலும் எரிக்கிறது. ஆகவே கட்டு மாற்றும் அறையை நமக்கு வியர்க்கும் அளவுக்குக் கதகதப்பாக, ஏறத்தாழ 30 பாகை செல்சியஸில் வைத்திருங்கள். வலி மருந்து முழுதாக வேலை செய்யத் தொடங்கிய பின்னரே கட்டைப் பிரியுங்கள்.